போர் தண்ணி நம்ம மண்ணைக் களராக்குகிறதா?

போர் தண்ணியைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சொட்டுநீர்த் துளையை அடைப்பதும் பெரும்பாலும் அதேதான். "உப்புத் தண்ணிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்காது. அது சுண்ணாம்பு. அது வெளியே வந்தபிறகு தண்ணியில் மிஞ்சி நிற்பது எது? நம்ம கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஒரு லிட்டர் தண்ணியில் சமையல் உப்பு சுமார் 360 கிராம் கரையும். ஜிப்சம் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். சுண்ணாம்புக்கல்லோ ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். கரைந்த உப்பு எதுவும் முழுசாக இருப்பதில்லை. கால்சியம், சோடியம் ஒரு பக்கமும், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் மறு பக்கமுமாகப் பிரிந்து அலையும். சீக்கிரம் கரையாத ஜோடி அளவுக்கு மேல் சேர்ந்தால் கெட்டியாகிப் படிந்துவிடும்.

வயலிலும் இதுதான் நடக்கிறது. பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணியைப் பாய்ச்சுகிறோம். பயிர் குடிக்கிறது, வெயில் உறிஞ்சுகிறது. தண்ணி குறையக் குறைய கால்சியம் சுண்ணாம்பாகப் படிகிறது. நன்றாகக் கரையும் சோடியம் மட்டும் மிஞ்சி, களிமண் துகள்களில் கால்சியம் இருந்த இடத்தைப் பிடிக்கிறது. சோடியம் ஏறிய துகள்கள் ஒட்டி நிற்காமல் பிரிந்து, மண்ணின் கண்களை அடைக்கும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் கல். கார அமில நிலையும் 8.5-க்கு மேல் ஏறும். இதுதான் களர்.

உவர் நிலம் வேறு. அங்கே கரையும் உப்பு மிகுதி. நல்ல தண்ணி கட்டி வடித்தால் கழுவிவிடலாம். களரில் வெறுமனே கழுவினால் மண் இன்னும் இறுகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெளிந்த மழைத்தண்ணி உள்ள கண்ணாடி டம்ளரில், காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கலக்காமல் போடுங்கள். உதிர்ந்தாலும் தண்ணி தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் களர் என்று சந்தேகப்படலாம். அந்தக் கலங்கலில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கி வையுங்கள். மண் திரண்டு அடியில் இறங்கும். வயலில் ஜிப்சம் செய்யும் வேலையும் இதுதான்: கால்சியம் உள்ளே போக, சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து கரைந்து வெளியேறும்.

எவ்வளவு போடுவது என்பதை மண் ஆய்வில் வரும் 'ஜிப்சம் தேவை' அளவு சொல்லும். போட்டு உழுது, நல்ல தண்ணி கட்டி, வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லையென்றால் போட்ட ஜிப்சம் வீண். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உர ஆலைக் கழிவு ஜிப்சத்தைத் தவிர்த்து, சுரங்க ஜிப்சம் வாங்கலாம். வாங்குமுன் சான்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். களரில் சுண்ணாம்பு போடாதீங்க, அது அங்கே கரையாது. அடுப்புச் சாம்பலும் வேண்டாம், காரத்தைக் கூட்டும்.

அடுத்து தக்கைப்பூண்டு. களரிலும் வளரும். பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். அது மட்கும்போது வரும் கரியமில வாயு தண்ணியில் சேர்ந்து லேசான அமிலமாகி, மண்ணில் ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பூட்டிக் கிடந்த கால்சியம் திரும்பக் கிடைக்கும்.

மண்ணைத் திருத்திவிட்டுப் பழைய தண்ணியையே பாய்ச்சினால் மறுபடி அதே கதைதான். அதனால் தண்ணியையும் ஆய்வுக்குக் கொடுங்கள். 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்ட்டுக்குள் இருந்தால் தைரியமாகப் பாய்ச்சலாம். 2.5 வரை கவனம் தேவை. அதற்கு மேல் போனால் அப்படியே பாய்ச்ச ஏற்றதல்ல. பண்ணைக்குட்டையில் பிடித்த மழைத்தண்ணியைக் கலந்தால் இந்த அளவு இறங்கும். அடுத்த மழைக்குள் குட்டையைத் தூர்வாரி வையுங்கள்.