சிரிப்பை எழுதிக் கொடுத்தவர்

சிவகாசி லயன் காமிக்ஸின் புண்ணியத்தில் நம் காமிக்ஸ் வாசகர்களுக்கு கௌபாய் லக்கி லூக் வீட்டுப் பிள்ளை மாதிரி. வரைந்தவர் யார் என்று கேட்டால் மோரிஸ் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எழுதியவரைக் கேட்டால் யோசிப்பார்கள். சிறுவர் இதழ்களுக்குப் படக்கதை எழுதுகிற எனக்கு இது நெடுநாள் மனக்குறை. அந்தத் தொடரின் புகழ்பெற்ற கதைகளை எழுதியவர் ரெனே கோஸினி என்ற பிரெஞ்சுக்காரர். ஆஸ்டெரிக்ஸுக்கும் அவர்தான் ஆசிரியர்.

1926 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கெமிக்கல் இன்ஜினியர். அவருடைய வேலைக்காகக் குடும்பம் அர்ஜென்டினாவுக்குப் போனதால், வளர்ந்தது புவெனஸ் அயர்ஸில். கோஸினிக்குப் பதினேழு வயதானபோது அப்பா இறந்துபோக, படித்த கையோடு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பாரிஸிலேயே இருந்துவிட்ட தாய்மாமன்களில் சிலர் நாஜி வதைமுகாம்களில் மாண்டார்கள். பின்னாளில் உலகத்தையே சிரிக்கவைத்தவர் கடந்து வந்த இளமை இது.

1945-இல் அம்மாவோடு நியூயார்க் போனார். ஓவியராக வேண்டும் என்பது ஆசை. வேலை கிடைக்காமல் அலைந்ததுதான் மிச்சம். அங்கேதான், பிற்பாடு 'மேட்' பத்திரிகையைத் தொடங்கிய ஹார்வி கர்ட்ஸ்மேனும் பெல்ஜிய ஓவியர் மோரிஸும் பழக்கமானார்கள். 1951-இல் ஐரோப்பா திரும்பியதும் ஓவியர் ஆல்பெர் உடெர்ஸோ நண்பரானார். தன் பலம் எழுத்துதான் என்பது மெல்ல மெல்ல கோஸினிக்குத் தெளிவாயிற்று.

அன்றைய காமிக்ஸ் உலகில் எழுத்தாளருக்கு மரியாதை குறைவு. லக்கி லூக்குக்கு அவர் எழுதிய முதல் கதை 1957-இல் புத்தகமாக வந்தபோது அவர் பெயரே அதில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, படைப்பாளிகளின் உரிமைக்காகச் சக கலைஞர்களைத் திரட்டினார் என்று வேலையை விட்டே நீக்கியிருந்தார்கள்.

அவர் வேலை செய்த முறையைப் பாருங்கள். கதைச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர் இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, யார் எங்கே நிற்கிறார், முகத்தில் என்ன பாவம், என்ன வசனம் என்று முழுவதையும் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பார்.

லக்கி லூக் கதைகளில் வரும் டால்டன்களையே எடுத்துக்கொள்வோம். நிஜ டால்டன் கொள்ளையர்களை மோரிஸ் முன்பே ஒரு கதையில் சாகடித்துவிட்டார். கோஸினி அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று நால்வரைக் கொண்டுவந்தார். படிக்கட்டு போல உயரம் ஏறும் வரிசை. ஆகக் குள்ளமான ஜோவுக்குத் தலைக்கேறிய கோபம். ஆக உயரமான ஆவ்ரெலுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. தப்பிக்கும் திட்டத்தை ஜோ பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கும்போது, ஆவ்ரெல் சாப்பாடு எப்போது என்று கேட்பான். இந்த மோதலை வைத்தே பக்கம் பக்கமாக எழுதினார் கோஸினி. நமக்கு அலுக்கவே இல்லை.

1959-இல் 'பிலோத்' வார இதழுக்காக, பாரிஸை ஒட்டிய பொபினியில் உடெர்ஸோவின் வீட்டில் உட்கார்ந்து இருவரும் உருவாக்கியதுதான் ஆஸ்டெரிக்ஸ். 1961-இல் முதல் புத்தகம் அச்சானது 6,000 பிரதிகள். சில ஆண்டுகளிலேயே ஒரு புதுக் கதையின் முதல் பதிப்பு 12 லட்சம் பிரதிகளைத் தொட்டது. 1965-இல் பிரான்ஸ் ஏவிய முதல் செயற்கைக்கோளுக்கும் ஆஸ்டெரிக்ஸ் பெயர்தான். ஓவியர் ஸாம்பேயுடன் சேர்ந்து 'குட்டி நிக்கோலா' என்ற பள்ளிச் சிறுவனையும் படைத்தார்.

'பிலோத்' ஆசிரியராக இளையவர்களுக்கு வழிவிட்டார். ஓவியர் கோத்லிபுக்கு முதலில் நகைச்சுவைப் பக்கங்களை எழுதிக் கொடுத்தவர், இனி நீயே எழுது என்று அவரைத் தனித் தொடருக்கு அனுப்பினார். கோத்லிப் பெரும் புகழ் பெற்றார். பிரான்ஸில் நடந்த 1968 மே மாதக் கிளர்ச்சியின்போது, இப்படி வளர்ந்த இளம் ஓவியர்களில் சிலர் அவரையே எதிரே உட்காரவைத்துக் குற்றஞ்சாட்டினார்கள். அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை.

1977 நவம்பர் 5 அன்று, இதயப் பரிசோதனையின்போதே மாரடைப்பில் இறந்தார். வயது 51.

பிரான்ஸின் அங்கூலெம் காமிக்ஸ் விழாவில் எழுத்தாளர்களுக்கு வழங்கும் பரிசு இன்று அவர் பெயரில் இருக்கிறது. அட்டையில் இடம் கிடைக்காதவருக்குக் காலம் செய்த நியாயம் அது. அடுத்த முறை காமிக்ஸ் வாங்கும்போது, ஓவியர் பெயரோடு எழுதியவர் பெயரையும் படித்துவிட்டுக் கதைக்குள் போங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.