ஏரிக்கரைக்கு யார் கூலி தருவது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் திருப்புலிவனத்துக்குக் கடல் இல்லை. இங்கே பொதுக்கரை என்றால் ஏரிக்கரைதான். நடக்க, மாடு ஓட்ட, துணி துவைக்க யாரும் கட்டணம் கேட்பதில்லை. கரையைக் காக்க மட்டும் காசு வேண்டும்.

பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பேசுகிறோம். அவற்றில் பராமரிப்புக் கணக்கும் இருக்கிறது. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, 30 பேர். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. ஐந்தில் ஒருவருக்கு 360 நாளும் ஏரிதான் பொறுப்பு. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. கால் வேலி நிலம் இல்லாதவருக்குப் பொதுவாக இடமில்லை என்ற குறை அதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. செலவுக்கு அக்காலத்தில் ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கி, அதன் வருவாயை ஏரிக்கே விட்டார்கள். வரவு நிலையானது, கேள்வி கேட்க ஆளும் இருந்தது.

இன்று 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, மற்றது ஊராட்சி ஒன்றியத்துக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் துறையிடம் 381 ஏரிகள். பணமோ திட்டம் வரும்போது மொத்தமாக வருகிறது. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ரூ.100 கோடிக்கு 1,519 பணிகள். பணிக்குச் சராசரி ரூ.6.58 லட்சம். 2019-20இல் ரூ.499.68 கோடிக்கு 1,829 பணிகள், சராசரி ரூ.27.32 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டியிருந்தது.

தூர்வாரப் பெரும்பணம் வேண்டும்தான். ஒரு ஏக்கரில் ஒரு அடி வண்டல் என்றால் 43,560 கன அடி. அதை அள்ளினால் 12.33 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். ஆனால் கரை உடைவது பல நேரம் சின்ன விஷயத்தில். எலி வளை வழியே கசிவு. கலங்கல் கல்லிடுக்கில் வேர்விட்ட அரசங்கன்று. விரல் தடிமனில் இருக்கும்போது கையால் பிடுங்கலாம், நாலு வருடம் விட்டால் கல்லையே பெயர்க்கும்.

இதற்கு மாதம் நாலு நாள், இரண்டு ஆள் போதும் என்பது என் கணக்கு. 2025-26இன் நூறுநாள் வேலைக் கூலி ரூ.336. மாதம் ரூ.2,688, ஆண்டுக்கு ரூ.32,256. ஒரு பணிக்கான அந்த ரூ.27.32 லட்சத்தில் 84 ஆண்டுக் கூலி அடங்கும்!

381 ஏரிகளுக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு ரூ.1.23 கோடி. ஒப்பிட்டுப் பார்த்தால், சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த 263 மீட்டர் மரப்பாதைக்கு ஆன செலவு ரூ.1.14 கோடி. அவசியமான பாதை அது. திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் சேதமாகி, சரிசெய்ய வேண்டி வந்தது. கடற்கரையானாலும் கட்டும் செலவோடு கணக்கு முடிவதில்லை.

ஏரியும் சம்பாதிக்கிறது: மீன்பாசிக் குத்தகை, மர ஏலம். அந்த வரவில் முதல் ரூ.32,256ஐ அந்தந்த ஏரிக்கே ஒதுக்கட்டும். வரவு செலவை மதகுச் சுவரிலேயே எழுதி வைக்கட்டும்.