துணி ஓசி, கூலி? கொடைக்கானல் ஒட்டுத்துணிப் பைகளுக்கு ஏன் அந்த விலை?

கொடைக்கானல் டூர் முடிந்து இறங்கும்போது எல்லோர் பையிலும் ஹோம்மேட் சாக்லேட்டும் தைலப் பாட்டிலும் இருக்கும். சிலர் பையில் கூடவே ஒரு சின்னத் துணிப் பவுச், இரண்டு கரித்துணி. கலர் கலராகத் துண்டுத் துணிகளை ஒட்டி, உள்ளே மெத்தென்று ஏதோ வைத்து, குறுக்கும் நெடுக்கும் தைத்திருப்பார்கள். ‘வெட்டுத் துணிதானே, இதுக்கு இவ்வளவு விலையா?’ என்று கடையில் கேட்காதவர்கள் குறைவு.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் தடிமனான ஒன்று, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத் தையல். இதைத்தான் ‘குயில்ட்’ என்கிறார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் 10 டிகிரிக்கும் கீழே போகும்போது போர்வை கதகதப்பாக இருக்கக் காரணமும், கரித்துணி கையைச் சுடாமல் காப்பாற்றக் காரணமும் ஒன்றேதான்: அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்று. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஈரமான கரித்துணியால் குக்கரைத் தூக்கினால் சுரீர் என்று சுடுவதும் இதனால்தான். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

இது வெள்ளைக்காரர்கள் மலைக்குக் கொண்டுவந்த கலை என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் காந்தா, பிஹாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி எல்லாமே பழந்துணியை அடுக்கித் தைப்பவை. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவுதி இன்னும் சுவாரஸ்யம்: ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுப்பகுதியில் வந்து முடிப்பார்கள். நம் பக்கத்தில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைப்பவைதான், அடுக்கு மட்டும் இல்லை.

கொடைக்கானலில் கோர்சாக் என்ற தன்னார்வ அமைப்பு அண்ணா சாலையில் நடத்திய காட்டேஜ் கிராஃப்ட்ஸ் கடையைப் பயணக் கையேடுகள் பல காலமாகக் குறிப்பிட்டு வந்தன. எளிய மக்கள் குழுக்கள் செய்யும் பொருள்களை விற்று, அதில் வரும் கமிஷனைத் தேவைப்படுவோருக்கே செலவிடும் ஏற்பாடு. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் இன்னொரு வழியில் போனது. மீனவக் கிராமத்துப் பெண்களுக்கு மிச்சத் துணியில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. ‘சுனாமிகா’ என்ற அந்தப் பொம்மை விற்பனைக்கு இல்லை, பரிசாக மட்டுமே கொடுப்பார்கள். செய்த பெண்களுக்குக் கூலி நன்கொடையிலிருந்து வந்தது. துணி மிச்சமாக இருக்கலாம், கூலி மிச்சத்தில் வரக்கூடாது என்ற தெளிவு இரண்டிலும் இருக்கிறது.

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். 8 அங்குலக் கரித்துணிக்கு இரண்டரை அங்குலச் சதுரங்கள் 16 வேண்டும். வரிசைக்கு நான்கு வைத்தால் 10 அங்குலம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் அரை அங்குலத்தைத் தின்றுவிடும், மூன்று இணைப்பு முடிந்ததும் எட்டரைதான் மிஞ்சும். வெட்டி, அயர்ன் பண்ணி, இணைத்து, அடுக்கி, தைத்து, ஓரப்பட்டி அடிக்கப் பழகிய கைக்கே ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2024-25ல் அறிவித்த நாள்கூலி 319 ரூபாய், 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு சுமார் 40. அந்தக் குறைந்த கூலியிலேயே ஒரு கரித்துணிக்கு 60, ஜோடிக்கு 120 ரூபாய். நூல், கரண்ட், கடைப் பங்கு எதுவும் இதில் இல்லை. ‘ஜோடி நூறுக்குத் தருவீங்களா?’ என்று கேட்கும்போது நாம் குறைப்பது துணியின் விலையை அல்ல, அந்த அக்காவின் நேரத்தை.

வீட்டிலேயே தைத்துப் பார்க்க நினைத்தால் முதலில் துணியைச் சோதியுங்கள். ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கரித்துணிக்குப் பாலியஸ்டர் கூடவே கூடாது. சுமார் 260 டிகிரியில் அது உருகும், அதற்கு முன்பே இளகும். காய்ந்த தோசைக்கல்லும் அடுப்புத் தீயும் அந்தச் சூட்டைத் தரக்கூடியவை. பழைய சின்னாளபட்டி சுங்குடிச் சேலை மேல்துணிக்கு அருமை. ஆனால் சாயம் போகிறதா என்று தனியாக நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

நடுவில் வைக்கப் பழைய டர்க்கி டவலே போதும், இரண்டு மடிப்பு. இலவம் பஞ்சு வேண்டாம். இரண்டு முறை துவைத்தால் ஒரு மூலையில் உருண்டுகொள்ளும். திருப்பூர் பனியன் வேஸ்ட் இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், அதனால் மேல்துணிக்கு ஒத்துவராது. பருத்தி பனியனாக இருந்தால் நடு அடுக்குக்குப் பயன்படும். மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போனால் சுருக்கம் விழாது.

துண்டுத் துணிக்கு எங்கே போவது? தெருமுனை டைலர் அண்ணனிடம் தீபாவளிக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்தச் சமயத்தில் மூட்டை மூட்டையாகச் சேரும், குப்பைக்குப் போவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். பட்டுப் பாவாடைத் துண்டுகளைத் தனியே பிரித்துப் பவுச்சுக்கு வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.