டி-ஷர்ட்டுக்குள் ஒன்றேகால் லிட்டர் டீசல்

ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடியது, மோட்டாரை எத்தனை முறை போட்டோம் என்பதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் தெரிந்துவிடும். கொடியில் காய்கிற டி-ஷர்ட் எவ்வளவு எரிபொருளைத் தின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தது என்பது எந்த ரசீதிலும் இராது. ஆனால், அதற்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. ஓடிய இடங்கள்தான் வேறு.

ஒரு பொருளை உருவாக்கிக் கடையில் கொண்டுவந்து சேர்க்கும்வரை செலவாகும் மொத்த ஆற்றலுக்கு ‘உட்பொதிந்த ஆற்றல்’ என்று பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் 250 கிராம் பருத்தி டி-ஷர்ட் ஒன்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். மூலப்பொருளுக்கு 16 மெகாஜூல், தயாரிப்புக்கு 24, போக்குவரத்துக்கு 7. உறையைப் பிரிக்கும் முன்பே 47 மெகாஜூல் செலவு. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 36 மெகாஜூல். அப்படியானால் அந்தச் சட்டைக்குள் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகமான டீசல் ஒளிந்திருக்கிறது.

எங்கே போகிறது இவ்வளவும்? இந்தியப் பின்னலாடையின் தலைநகரான திருப்பூரின் வழியாகப் பார்க்கலாம்.

வயலிலிருந்து நூல் வரை

தமிழக நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. அந்த வயல்களில் தூவும் யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து பிறப்பது. ஒரு கிலோ யூரியா தயாரிக்க 20 மெகாஜூலுக்கு மேல் பிடிக்கிறது. பாசன மோட்டார், கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை, பேல் ஏற்றிவரும் லாரி என்று பஞ்சு மில் வாசலுக்கு வருவதற்குள்ளாகவே ஆற்றல் கடன் ஏறிவிடுகிறது.

மில்லுக்குள் கதிர்கள் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனி மின்சாரம். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதை மில்காரர்கள் ‘யு.கே.ஜி.’ என்று சொல்வார்கள். டி-ஷர்ட்டுக்கான 30-ஆம் கவுண்ட் நூலுக்கு அது மூன்று நான்கு யூனிட் வரும். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும், யூனிட் கூடும். 1930-களில் பைக்காரா புனல் மின்சாரம் வந்த பிறகு கோவை வட்டாரத்தில் மில்கள் பெருகியதும், பிற்பாடு மில் முதலாளிகள் உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டதும் தற்செயல் அல்ல. நூல் தொழிலில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம்.

துணிக்கு அல்ல, தண்ணீருக்கு

நூல் துணியாகப் பின்னப்பட்ட பிறகு போவது சாயப்பட்டறைக்கு. அதற்குள் நுழைந்ததும் முகத்தில் அடிப்பது வெக்கை. பாய்லருக்கு வெளியே விறகு குவிந்து கிடக்கும். உள்ளே, மூடிய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி கயிறுபோல முறுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ துணிக்கு ஒரு முறைக்கு ஏழு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். வெளுப்பதற்காக அதை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடேற்ற, இழப்பு எதுவுமில்லை என்றாலே அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். 75 வாட் மின்விசிறி ஏழு மணி நேரம் ஓடுவதற்குச் சமம் அது.

அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். பிறகு சாயம், அலசல், சோப்புக் குளியல், மறுபடி அலசல். சோறு வடித்த கஞ்சியோடு அடுப்பின் சூடும் போய்விடுவதைப் போலத்தான். கடைசியில் துணியைப் பிழிந்தாலும் ஒரு கிலோவில் அரை லிட்டருக்கு மேல் ஈரம் தங்கிவிடும். அதை உலர்த்தச் சூடான காற்று. அறைச் சூட்டிலிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைவிட, கொதிக்கும் தண்ணீரை முழுக்க ஆவியாக்குவதற்கு ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. நாம் துணிக்கான செலவு என்று நினைப்பதில் பெரும்பங்கு, துணிக்குள் புகுந்து வெளியேறும் தண்ணீருக்கான செலவு.

நொய்யலுக்கான வட்டி

சாயப்பட்டறை வடித்துவிடும் அந்தத் தண்ணீர் முன்பெல்லாம் நொய்யல் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மீண்டும் திறக்க வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பதே நிபந்தனை. இன்று கழிவுநீரை உயரழுத்தத்தில் சவ்வுகள் வழியே தள்ளிச் சுத்தமாக்குகிறார்கள். எஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவிட்டு வற்றவைக்கிறார்கள். ஒரு கலத்தில் எழும் ஆவியாலேயே அடுத்த கலத்தைச் சூடாக்கி மிச்சம் பிடித்தாலும் செலவு கனமானது. ஆறு அழியாமல் துணி வேண்டுமென்றால், அதற்கும் விறகும் மின்சாரமும் எரிந்தாக வேண்டும். மலிவாகத் துணி கிடைத்த காலத்தில் அந்தச் செலவை ஆறும் கரையோர விவசாயிகளும் சுமந்தார்கள்.

ஏற்றுமதியில் இன்னொரு கணக்கு உண்டு. தூத்துக்குடியில் கப்பலேறும் பெட்டியில் ஒரு சட்டைக்கான எரிபொருள் சொற்பம். சரக்கு தாமதமாகி ‘ஏர்ல அனுப்ப வேண்டியதாயிருச்சு’ என்று கம்பெனிக்காரர் தலையில் கை வைக்கும்போது, அவருடைய லாபத்தோடு சேர்ந்து பல மடங்கு எண்ணெயும் போகிறது.

நம் கொடியின் கணக்கு

கேம்பிரிட்ஜ் கணக்கில், அதே சட்டையை வாங்கிய பிறகு 65 மெகாஜூல் செலவாகிறது. 60 டிகிரி சுடுநீரில் 25 முறை துவைத்து, மின் உலர்த்தியில் காயவைத்து, இஸ்திரி போட்டால் வரும் கணக்கு அது. பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடும் வீட்டில் இதில் பெரும்பகுதி இல்லாமல் போகும். அப்போது நம் சட்டையின் செலவில் பெரும்பங்கு வாங்கும் முன்பே முடிந்துபோனதுதான். கையில் மிஞ்சுவது ஒரே வகுத்தல்: சட்டையை 25 முறை உடுத்தினால் 47 மெகாஜூலில் ஒரு முறைக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு, 100 முறை உடுத்தினால் அரைக்கும் கீழே.

ஒருமுறை செலவான ஆற்றலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்காமலே திருப்பூர் அறிந்து வைத்திருக்கிறது. சட்டை தைக்கும்போது மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கிடங்குகளில் பெண்கள் நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள்: கருப்பு ஒரு குவியல், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. அவை பிய்க்கப்பட்டு மறுபடி நூலாகும்போது நீலம் நீலமாகவே வருகிறது. அந்த நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை. தண்ணீரைச் சூடாக்கவும் வேண்டியதில்லை.