களைப்பு, ஓய்வு குறித்த வீட்டு விதிகள்

களைப்பு, ஓய்வு குறித்த வீட்டு விதிகள் என்பவை, டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் முதலிய மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், கதைமாந்தர் எப்போது களைப்படைவர், எவ்வளவு ஓய்வெடுத்தால் தேறுவர் என்பது பற்றி அச்சிட்ட விதிநூலை மாற்றி ஒரு குழு தனக்கென வகுத்துக்கொள்ளும் விதிகளாகும். இவ்விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதைச் சூழலை விவரிப்பார்; மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்பர். முடிவு உறுதியில்லாத செயல்களைப் பகடை தீர்மானிக்கும்.

வீட்டு விதி என்பது தமிழருக்குப் புதிதன்று. தாயம் ஆட்டத்தில் எதிரியின் காயொன்றை வெட்டிய பின்னரே உள்கட்டங்களுக்குள் நுழையலாம் என்பது சில வீடுகளின் வழக்கம். வேறு சில வீடுகளில் இக்கட்டுப்பாடு இல்லை.

வரலாறு

டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்டனர். தொடக்க காலப் பதிப்புகள் களைப்பைக் கண்டிப்புடன் கணக்கிட்டன. டாம் மோல்ட்வே தொகுத்த 1981 ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பின்படி, சுரங்கத்தில் சுற்றுவோர் ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். தவறினால் தாக்குதலிலும் அதன் சேதத்திலும் ஒரு புள்ளி குறையும். காயம் ஆறுவதும் மெதுவாகவே நிகழ்ந்தது. முழுநாள் ஓய்வுக்கு 1 முதல் 3 உயிர்ப்புள்ளிகளே திரும்பும்.

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இதனைப் பெரிதும் தளர்த்தியது. ஒரு மணி நேரக் குற்றோய்வு, 8 மணி நேர நெட்டோய்வு என இரண்டு வகை ஓய்வுகள் அமைந்தன. நெட்டோய்வு முடிந்ததும் உயிர்ப்புள்ளிகள் முழுமையாகவும், செலவிட்ட மந்திரங்கள் அனைத்தும் திரும்பக் கிடைக்கும். களைப்புக்கு ஆறு நிலைகள் உண்டு. முதல் நிலையில் திறன் சோதனைகளுக்குப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். இரண்டாம் நிலையில் வேகம் பாதியாகும். ஆறாம் நிலை மரணம். ஒரு நெட்டோய்வுக்கு ஒரு நிலை மட்டுமே குறையும், அதுவும் உணவும் நீரும் கிடைத்தால்.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்விதிகளின் விளைவைத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் ஒரு குழுவைக் கொண்டு காணலாம். தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். ஐந்தாம் பதிப்பில் இயல்பான நடைவேகம் மணிக்கு 3 மைல், அதாவது 4.8 கிலோமீட்டர், நாளொன்றுக்கு 8 மணி நேரம். அவ்வாறு நடப்பவர் முதல் நாள் சுமார் 39 கிலோமீட்டர் கடந்து, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி இரவு தங்குவார்.

ஒரே நாளில் பழனியை அடைய விரும்பினால் பன்னிரண்டரை மணி நேரம் நடக்க வேண்டும். எட்டு மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணி நேரத்தின் முடிவிலும் உடலுறுதிச் சோதனை உண்டு. இருபது முகப் பகடையில் விழும் எண்ணுடன் உடலுறுதி எண்ணைக் கூட்டினால் முறையே 11, 12, 13, 14 வர வேண்டும். உடலுறுதி +2 உள்ளவர் தோற்கும் வாய்ப்பு முறையே 40, 45, 50, 55 விழுக்காடு ஆகும். ஆகவே சராசரியாக ஏறத்தாழ இரண்டு நிலைக் களைப்பு சேரும். இரண்டாம் நிலையை வழியிலேயே எட்டியவரின் வேகம் பாதியாவதால், அவர் அன்று பழனியைக் காண்பதே ஐயம்.

வெயிலும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். வெப்பநிலை 38 பாகை செல்சியசை எட்டி, குடிநீரும் இல்லையெனில் மணிக்கொரு சோதனை கூடுதலாக வரும். சித்திரை மாதத்தில் இச்சமவெளியில் நடக்கும் கதைக்கு இவ்விதி மிகவும் பொருந்தும்.

இங்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. வாள்வெட்டுப்பட்டவர் ஓரிரவு உறங்கியதும் முழுமையாகத் தேறிவிடுகிறார். நடந்து களைத்தவருக்கோ இரண்டு இரவுகள் தேவைப்படுகின்றன. வீட்டு விதிகள் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன.

மாற்றத்தின் தேவை

யதார்த்தத்தை விட ஆட்டச் சமநிலையே இதில் முதன்மையான சிக்கல். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் நிகழும் எனக் கருதியே 2014 பதிப்பு வடிவமைக்கப்பட்டது. நடைமுறையில் பல குழுக்கள் ஒரே சண்டையில் எல்லா மந்திரங்களையும் செலவிட்டு உடனே கூடாரமடித்து விடுகின்றன. இதனால் நெட்டோய்வை நம்பும் மந்திரவாதி ஓங்குகிறார். குற்றோய்விலேயே ஆற்றலை மீட்கும் போர்வீரரும் துறவியும் பின்தங்குகின்றனர். எதைச் சேமிப்பது, எதைச் செலவிடுவது என்ற தீர்மானத்துக்கும் பொருளில்லாமல் போகிறது.

பரவலான விதிகள்

நடத்துநர் கையேட்டிலேயே விருப்ப விதியாக உள்ள ஒன்று, குற்றோய்வை 8 மணி நேரமாகவும் நெட்டோய்வை 7 நாட்களாகவும் நீட்டுகிறது. பயணக் கதைகளுக்கு இது ஏற்றது. ஆனால் எட்டு மணி நேரம் நீடிக்க வேண்டிய காப்பு மந்திரங்கள் இதனால் மதிப்பிழக்கின்றன. இதனைக் கவனியாத குழுக்கள் பின்னர் இடர்ப்படுகின்றன.

பாதுகாப்பான இடத்தில் மட்டுமே நெட்டோய்வு கிட்டும் என்பது மற்றொரு விதி. இது எளியது; மந்திரங்களின் கால அளவையும் குலைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பின்னணியில் கதை அமைப்போருக்கு இதற்கான இடங்கள் ஆயத்தமாகவே உள்ளன. வழிப்போக்கர் தங்கிய சத்திரம் நெட்டோய்வுக்கும், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்க நடப்பட்ட சுமைதாங்கிக் கல் குற்றோய்வுக்கும் பொருந்தும். ஒட்டன்சத்திரம் என்னும் ஊர்ப்பெயரிலேயே சத்திரம் இருக்கிறது.

உயிர்ப்புள்ளி சுழியத்துக்கு இறங்கி மீள்பவருக்கு ஒரு நிலைக் களைப்பு என்னும் விதியும் பரவலானது. விழுவதும் எழுவதுமாகச் சண்டையிடுவதை இது தடுக்கிறது. எனினும் களைத்தவர் மேலும் எளிதில் விழுந்து, மேலும் களைத்து, மீள முடியாத சரிவில் சிக்கக்கூடும். முன்னணியில் நின்று அடிவாங்கும் வீரரே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார். 2024 திருத்தப் பதிப்பு களைப்பின் விளைவை எளிமையாக்கியது: ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடைச் சோதனைகளில் 2 புள்ளியும் வேகத்தில் 5 அடியும் குறையும். மரணம் முன்போலவே ஆறாம் நிலையில் நேரும்.

எந்த விதியாயினும் கதை தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட வேண்டும். பாத்திரத்தின் வகையைத் தேர்ந்தெடுப்பதே ஓய்வு எவ்வளவு எளிதில் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. நடுவில் மாற்றினால், பழைய விதியை நம்பி மந்திரவாதியைத் தெரிந்தவருக்கு வேறு பாத்திரம் எடுக்க வாய்ப்பளிப்பது வழக்கம்.