கார்புரேட்டரிலிருந்து கடவுச்சொல் வரை

1962-இல் பிஎம்டபிள்யூ 1500 சாலைக்கு வந்தபோது அதன் எஞ்சினின் திறன் 80 குதிரை. காரின் கட்டுமானம் அதைவிட அதிகம் தாங்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரிந்தது. தெற்கு ஜெர்மனியில் தட்டச்சு இயந்திரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த புர்கார்ட் போவென்சீபன் அந்தக் குறையைக் கையில் எடுத்தார். தொழிற்சாலை வைத்திருந்த ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரட்டை வெபர் கார்புரேட்டர்களைப் பூட்டும் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். 1964-இல் பிஎம்டபிள்யூ அதைச் சோதித்துத் தரச் சான்று அளித்தது. அதைப் பூட்டிய காருக்கும் தன் வாரண்டி செல்லும் என்றது. 1965 ஜனவரியில், எட்டுப் பேருடன் அவருடைய அல்பினா நிறுவனம் தொடங்கியது.

அந்த வாரண்டிச் செய்தியை இன்றைய சொகுசுக் கார் உரிமையாளர் ஒருவரிடம் சொன்னால் நம்பமாட்டார். வெளியார் செய்த பாகத்துக்குத் தொழிற்சாலையே பொறுப்பேற்ற காலம் அது. இன்று சர்வீஸுக்கு விட்ட காரின் கணினியில் அந்நிய மென்பொருளின் தடம் ஒன்று தெரிந்தாலே போதும். எஞ்சின் வாரண்டி பற்றிய பேச்சு வேறு தொனிக்கு மாறிவிடும்.

அன்றைய வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் வழியில் பித்தளையால் ஆன சிறு ஜெட் ஒன்று இருக்கும். விரல் நகத்தின் மேல் நிற்கிற அளவு. அதன் துளையின் அளவு அதன் மேலேயே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு ஜெட்டைக் கழற்றி அடுத்த எண்ணைப் போட்டு, காரை ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார்கள். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதை ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக் கேட்டே சொல்லும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். சிலிண்டர் ஹெட்டின் காற்று வழியை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவதும் கைவேலைதான். போட்ட காசுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிந்தது.

மெர்சிடிஸ் பக்கத்துக் கதையும் இதே காலத்தது. மெர்சிடிஸைச் செய்த டைம்லர்-பென்ஸில் வேலை பார்த்த ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்ற இரு பொறியாளர்கள் 1967-இல் பழைய ஆலை ஒன்றில் பட்டறை போட்டார்கள். ஏஎம்ஜி என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்து அவர்களுடையது. மூன்றாவது ஆஃப்ரெக்ட் பிறந்த ஊரான குரோசாஸ்பாக்குடையது. அவர்கள் எடுத்துக்கொண்ட கார் 300 எஸ்இஎல் 6.3. அமைச்சர்களும் ஆலை அதிபர்களும் பின்சீட்டில் சாய்ந்து போகும் வகை. தொழிற்சாலை கொடுத்தது 250 குதிரைத்திறன். இவர்கள் எஞ்சினை 6.8 லிட்டராக்கி 428-க்குக் கொண்டுபோனார்கள். 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில், எடை குறைந்த கார்களின் நடுவே அந்தப் பெரிய சிவப்பு மெர்சிடிஸ் ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது ஒரு ஃபோர்டு கேப்ரி. அந்த மெர்சிடிஸை யாரும் காட்சிக்கூடத்தில் வைத்துப் போற்றவில்லை. பிரெஞ்சு நிறுவனமான மாத்ராவுக்கு விற்றார்கள். அவர்கள் விமானச் சக்கரங்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்தினார்கள். இன்று அருங்காட்சியகத்திலும் விழாக்களிலும் காட்டப்படுவது பின்னாளில் செய்த நகல்.

இனி இன்றைய கணக்கு. 2022-இல் அறிமுகமான மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ் காரில் உள்ளது வெறும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். அது மட்டும் தருவது 476 குதிரைத்திறன். பின்னச்சிலுள்ள மின்மோட்டாரையும் சேர்த்தால் 680. ஒரு காலத்தில் பந்தயத்துக்காகக் குடைந்து குடைந்து 6.8 லிட்டரிலிருந்து எடுத்ததைவிட அதிகமான திறனை, வாரண்டியோடும் குளிர்சாதனத்தோடும், ஷோரூமிலிருந்தே ஓட்டிக்கொண்டு வரலாம். எடை மட்டும் இரண்டு டன்னைத் தாண்டிவிட்டது. எட்டு சிலிண்டரின் குரல் போய்விட்டதே என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததும் உண்மை. அட்டவணையில் எல்லா எண்ணும் ஏறியிருக்க, காதுக்கு மட்டும் குறைந்துபோனது.

இடையில் என்ன நடந்தது? தொழிற்சாலைகள் பட்டறைகளை விழுங்கிக்கொண்டன. 1990-இல் ஏஎம்ஜியோடு டைம்லர்-பென்ஸ் ஒப்பந்தம் போட்டது. 1993-இல் இருவரும் சேர்ந்து செய்த சி36 வந்தது. 1999-இல் பெரும்பான்மைப் பங்கு கைமாறியது. 2005-இல் முழு நிறுவனமும் தாய்வீட்டுக்குப் போய்விட்டது. அல்பினா இன்னும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 1978-இல் 300 குதிரைத்திறன் கொண்ட பி7 டர்போவைச் செய்து, 1983-இல் ஜெர்மன் அரசால் தனிக் கார் உற்பத்தியாளராகவே ஏற்கப்பட்டது. 2022-இல் அந்தப் பெயரையும் பிஎம்டபிள்யூ வாங்க ஒப்பந்தமானது. போவென்சீபன் 2023-இல் காலமானார். அல்பினாவின் முத்திரையை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் ஒரு பக்கம் கிராங்க் தண்டு, மறுபக்கம் கார்புரேட்டர். கார்புரேட்டர் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் முத்திரையில் அது இருக்கிறது.

வெளிப் பட்டறைக்கு வேலை இருந்ததற்குக் காரணமே தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளிதான். அந்த இடைவெளி இன்று அடைபட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அது தொழிற்சாலையின் கைக்குப் போய்விட்டது. 2022 இறுதியில் அமெரிக்காவில் மெர்சிடிஸ் சில மின்கார்களுக்குக் கூடுதல் வேகத்தை ஆண்டுச் சந்தாவாக, 1,200 டாலருக்கு, அறிவித்தது. மோட்டார் அதேதான், பேட்டரி அதேதான். பணம் கட்டினால் உள்ளே பூட்டி வைத்த திறன் திறக்கும். அன்று காசு கொடுத்தவருக்கு இரண்டு கார்புரேட்டர் கிடைத்தது. இன்று ஒரு பூட்டு கழன்றுகொள்கிறது.

கணினி காருக்குள் வந்தது ஒரே நாளில் அல்ல. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே மின்னணுப் பெட்டியில் அடக்கிய பாஷ் மோட்ரானிக் 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் முதலில் வந்தது. எண்பதுகளில் அந்தப் பெட்டியைத் திறந்து சிப்பை மாற்றும் கலை பிறந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சொருகு துளை வழியாக மடிக்கணினியை இணைத்து எஞ்சினின் மென்பொருளை மாற்றி எழுதும், அதாவது ரீமேப் செய்யும் காலம். டர்போ உள்ள எஞ்சின்களில் இதன் பலன் உண்மையிலேயே பெரிது. 340 குதிரைத்திறன் என்று விற்கப்படும் மூன்று லிட்டர் பிஎம்டபிள்யூ எஞ்சின் மென்பொருள் மாற்றத்தில் மட்டுமே 400-ஐத் தொடும். அதைச் செய்ய ஒரு மதிய உணவு நேரம் போதும். ஆனால் 2020-இன் நடுப்பகுதிக்குப் பின் வந்த பிஎம்டபிள்யூக்களில் அந்த வழியும் பூட்டப்பட்டது. ஆர்வலர்கள் கணினிப் பெட்டியைக் கழற்றி, பஞ்சு சுற்றி, கூரியரில் பின்லாந்திலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிப் பூட்டு திறந்து வாங்கினார்கள். பெட்டி திரும்பி வரும்வரை கார் வீட்டு வாசலில் அசையாமல் நிற்கும்.

மென்பொருளைத் தொடாமல் பாகம் மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? இங்கேதான் பலருடைய காசு கரைகிறது. பழைய காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கம்பி இழுபட்டுக் காற்றின் வாசல் திறக்கும். இன்றைய காரில் மிதி ஒரு விண்ணப்பம் மட்டுமே. இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று கணினியிடம் கேட்கிறது. கணினி டர்போவின் அழுத்தத்தையும் காற்றையும் தீப்பொறி நேரத்தையும் கூட்டிக் குறைத்து அந்த அளவைக் கொடுக்கிறது. காற்று தாராளமாக வரும் விலை உயர்ந்த ஃபில்டரை மாட்டினால், கணினி டர்போவைச் சற்று ஓய்வாக ஓட்டிவிட்டுப் பழைய அளவையே தரும். கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோல் ஒரு மயக்கம் வரும்; அதைக் கடைக்காரர்கள் கெடுப்பதில்லை.

அந்தச் சத்தம் சொகுசுக் காருக்கு இன்னொரு விதத்திலும் பகை. இரட்டைக் கண்ணாடி, தரைக்கடியில் ஒலியை உறிஞ்சும் அடுக்கு, அதிர்வை வாங்கும் எஞ்சின் தாங்கிகள், காற்றுச் சஸ்பென்ஷன் என்று அமைதிக்காகவே தொழிற்சாலை கொட்டிய பணம் அந்த விலையில் இருக்கிறது. அதைக் கொடுத்து வாங்கியவரே, மேலும் பணம் கொடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் சைலன்சரைப் போட்டு அந்த அமைதியைக் கெடுத்துக்கொள்கிறார். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது பின்சீட்டில் மண்டைக்குள் ரீங்காரமிடும் அந்த ஓசையை மூன்று மணி நேரம் கேட்டவர்கள் திரும்பவும் பழைய சைலன்சரைத் தேடுவார்கள். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால் சரி.

நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜெர்மனியில் இன்றும் நிலைமை வேறு. அங்கே பாகத்துக்குச் சான்று இருக்கும்; டூஃப் போன்ற சோதனை அமைப்பிடம் காட்டி, வாகன ஆவணத்தில் பதிவு செய்து, சட்டப்படி ஓட்டலாம். போட்ராப் நகரில் 1977-இல் தொடங்கிய பிராபஸ், தான் செய்யும் மாற்றங்களுக்குத் தானே மூன்று ஆண்டு வாரண்டி தருகிறது. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் பாகம் மட்டும் பெட்டியில் வந்து இறங்கினால், விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்காது.

மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அவை பெருமை பேச உதவாதவை. நல்ல டயர் முதலாவது. ஆனால் அதிலும் தொழிற்சாலை முந்திக்கொண்டது: டயரின் பக்கவாட்டில் பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரமும் மெர்சிடிஸுக்கு எம்ஓ என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அந்தக் காருக்கென்றே இழைத்த டயர் என்று பொருள். அடுத்தது பிரேக். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலையிலிருந்து இறங்கும் இரண்டு டன் காருக்கு, கூடுதலாக 60 குதிரைத்திறன் எதற்கும் உதவாது. புதிய பிரேக் ஆயிலும் தரமான பேடும் உதவும். பத்து வயதைக் கடந்த காரானால் ஷாக் அப்சார்பரையும் ரப்பர் புஷ்களையும் மாற்றினாலே, புதிதாக வாங்கிய நாளின் ஓட்டம் பாதிக்கு மேல் திரும்பிவிடும்.

அன்று பாகம் மாற்றியவர் தன் காரைப் புரிந்துகொண்டார் என்பதை மறுக்க முடியாது. பிளக்கின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை அது. அவர்களுடைய கார்கள் அடிக்கடி நின்றன, குளிரில் கிளம்ப மறுத்தன, பெட்ரோலைக் குடித்தன. இன்றைய கார் எந்தக் காலையிலும் பொத்தானை அழுத்தியதும் கிளம்பும். பானெட்டைத் திறந்தால் தெரிவது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. தொழிற்சாலைக்குள் சேராமல் இருந்த நாளில் ஏஎம்ஜி கையால் செய்த ஹேமர் போன்ற 1980-களின் கார்கள் இன்று ஏலத்தில் பல லட்சம் டாலருக்குப் போகின்றன. நேற்று ரீமேப் செய்த காரை விற்கப் போனாலோ வாங்குபவர் விலையைக் குறைக்கிறார்.

எனவே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் சொகுசுக் காருக்குத் திறன் கூட்டும் பாகம் வேண்டாம் என்பதே என் முடிவு. இருக்கும் வேகம் போதவில்லை என்றால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இந்தக் காரைக் கொடுத்துவிட்டு, இதே வகையில் மேல் மாடலைப் பழையதாக வாங்குங்கள். ஆர்சி புத்தகத்தில் இருப்பதும் காரில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்.