நுண்கணிதத் தேர்வும் தனிப்பயிற்சியும்

பணியின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டு ஒரு தனிக் கவலையைக் கொணர்கிறது. மற்றப் பாடங்களை வீட்டிலேயே ஒருவாறு சொல்லிக்கொடுத்துவிடும் பெற்றோரும் நுண்கணிதம் என்றதும் கைவிரித்துவிடுகின்றனர். உடனே தெருமுனையிலுள்ள பயிற்சி நிலையத்தை நாடுகிறோம், பணத்தைக் கட்டுகிறோம், கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். பிள்ளைக்கு வேண்டுவது எத்தகைய உதவி என்பதை ஆராயாமல் இவ்வாறு செய்வதனால், பணமும் மாலைப்பொழுதும் கழிந்து, ஐயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதுண்டு.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணித எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்கள். அவற்றுள் 35 நுண்கணிதத்திற்கே உரியவை. இப்பகுதியில் தளர்ந்த மாணவன் ஏனைய பகுதிகளைக் கொண்டு ஈடுசெய்வது எளிதன்று.

தளர்ச்சி எங்கே உள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு, ஏனைய மூன்று பக்கங்களுக்கு 40 மீட்டர் கம்பிவேலியிட்டு ஒரு செவ்வகத் தோட்டம் அமைக்கவேண்டும். அதன் பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும்? சுவருக்குச் செங்குத்தான பக்கத்தை ‘அ’ என்று கொண்டால், எதிர்ப்பக்கம் 40 − 2அ. பரப்பு 40அ − 2அ². இதனை வகையிட்டால் 40 − 4அ. அதனைச் சுழியாக்கினால் அ = 10; எதிர்ப்பக்கம் 20; பரப்பு 200 சதுர மீட்டர். இரண்டாம் வகைக்கெழு −4 என்று குறையெண்ணாக வருவதால் இதுவே பெரும மதிப்பு என்பது உறுதியாகிறது.

இக்கணக்கில் நுண்கணிதம் என்பது இரண்டொரு வரிகளே. ஆயினும் மாணவன் இடறுவது பெரும்பாலும் அவ்வரிகளிலன்று. ஆங்கிலத்தில் உள்ள வினாவைப் படித்து, சுவர்ப்பக்கத்திற்கு வேலி வேண்டா என்பதை உணர்ந்து, பரப்பை ஒரே மாறியில் எழுதும் முதற் படியிலேயே பலர் நின்றுவிடுகின்றனர். அத்தகைய பிள்ளைக்கு வகையிடல் விதிகளை மீண்டும் நூறு முறை ஒப்புவிக்கச் செய்வதால் யாது பயன்? தொகையிடலிலும் இதே நிலைதான். சைன் வர்க்கத்தைத் தொகையிடத் தெரியவில்லை என்று வருந்தும் மாணவன், அதனை இரட்டைக் கோணத்தின் கோசைனாக மாற்றும் முற்றொருமையைப் பதினொன்றாம் வகுப்போடு மறந்திருப்பான். நோய் ஓரிடத்திலும் மருந்து வேறோரிடத்திலுமாகப் போய்விடுகிறது.

ஆகவே ஆசிரியரை அமர்த்துமுன், பிள்ளையின் அண்மைத் தேர்வுத்தாள்கள் இரண்டு மூன்றை அவர் முன் வைத்து, பிழைகள் எந்த வரியில் தொடங்குகின்றன என்று கேட்பது நன்று. தாளைப் புரட்டாமலே, “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்பவரைவிட, “இயற்கணிதத்திற்கு இரண்டு வாரம் வேண்டும்” என்று சொல்பவரையே நாம் நம்புவோம்.

மொழியையும் இங்கே கருதவேண்டும். நாம் வகையிடல், தொகையிடல் என்பவற்றை இந்திப் பாடநூல் அவகலன், சமாகலன் என்கிறது. போபாலிலோ ஜெய்ப்பூரிலோ உள்ள பயிற்சி வகுப்பில் ஆசிரியர் இந்தியில் விளக்கிச் செல்ல, ஆங்கிலவழியில் பயிலும் நம் பிள்ளை பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையசைத்துக் கொண்டிருக்கும். அறுபது பேர் நடுவே எழுந்து, தட்டுத்தடுமாறும் இந்தியில் ஐயம் கேட்க எந்தப் பிள்ளை துணியும்? இவ்வாறு வாய்மூடிப் பழகிய பிள்ளைக்கு, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் தமிழிலோ ஆங்கிலத்திலோ உடனமர்ந்து பேசும் ஒருவரே பெரிய துணை. அவர் பேராசிரியராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவ்வூர்க் கல்லூரியில் கணிதமோ பொறியியலோ பயிலும் தமிழ் மாணவராகவும் இருக்கலாம். உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தில் விசாரித்தால் வழி பிறக்கக்கூடும். தில்லியில் வாழ்வோர், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோரையும் அணுகிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு உறவினரிடமிருந்து வழிகாட்டி நூல்களை வரவழைப்போரும், அலைபேசியில் தமிழ்ப் பாடங்களைக் காட்டுவோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வகையிடல் முறைகளும் தொகையிடலின் தொடக்கமும் பதினொன்றாம் வகுப்பிலேயே வருகின்றன. பன்னிரண்டில் பகுதி வகைக்கெழுக்களும் உள்ளன. மத்திய வாரியத்திலோ தொகையிடல் பன்னிரண்டில்தான் தொடங்குகிறது; பகுதி வகைக்கெழு இல்லவே இல்லை. விளக்கத்திற்காக அந்நூல்களைக் கொள்ளலாம். வரிசைக்குத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பாடநூலையே கொள்ளவேண்டும். அந்நூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது.

பெரிய பயிற்சி நிலையங்களில் பல, கோட்டா நகரத்தைப் பின்பற்றிப் பொறியியல் நுழைவுத் தேர்வையே குறியாகக் கொண்டவை. அங்கே விடை ஒன்றே கணக்கு. வாரியத் தேர்விலோ ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. குறுக்குவழி பயின்ற பிள்ளை சரியான விடை எழுதியும் மதிப்பெண் இழக்கலாம். 2024 சனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்நிலையங்கள் பதினாறு வயது நிரம்பாதோரைச் சேர்த்தலாகாது. இத்தனை மதிப்பெண் உறுதி என்று விளம்பரம் செய்யலாகாது. முழுக் கட்டணம் செலுத்தியவர் இடையில் விலகினால், எஞ்சிய காலத்துக்குரிய தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். இவற்றைச் செயற்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பாதலின், ரசீது பெறாமல் ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது.

வாரியத் தேர்வு பிப்ரவரியில் தொடங்குகிறது. சனவரி பிறந்ததும் புதிய பாடத்தை நிறுத்திவிட்டு, வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் மாதிரி வினாத்தாளையும் அதன் மதிப்பீட்டு முறையையும் தனிப்பயிற்சி ஆசிரியரின் கையில் கொடுப்போம். பிள்ளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதட்டும். ஆசிரியர் படிப்படியாக மதிப்பெண் இடட்டும். தொகையின் முடிவில் மாறிலியை விட்டுவிட்ட இடங்கள் அப்பொழுது சிவப்பு மையில் தெரியும். வினாத்தாளைப் படிப்பதற்கென்றே தரப்படும் பதினைந்து நிமிடங்களில் எந்த வினாவை முதலில் எழுதுவது என்று தேர்ந்துகொள்வதையும் அந்த வாரங்களிலேயே பழக்கிவிடலாம்.